புள்ளி விழாத குடுவைகள்

எங்கள் மருந்துக் குப்பியில் ஒட்டும் சீட்டில் என் மாமனாரின் கையெழுத்து இருக்கும். அச்சில் வந்ததுதான். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். கன்றுக்குட்டிக்குப் போடும் தடுப்பூசிக்கு இவ்வளவு ஜம்பம் எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. “தப்பு நடந்தா யாரைத் திட்டணும்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்பார் அவர். அவர் காலத்தில் யாரும் திட்டவில்லை. என் கணவர் காலத்திலும் இல்லை. அவருக்குப் பிறகு தொழிற்கூடம் என் கைக்கு வந்தது. திட்டுவதற்கு ஒருவர்கூட எங்கள் வாசற்படி ஏறியதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

அந்தக் காலை நான் குடுவை பார்க்கும் அறைக்குப் போனபோதும் அதே நினைப்போடுதான் போனேன்.

குடுவை பார்ப்பது எங்களுக்குக் காலையில் முதல் வேலை. தட்டையான குடுவைகளின் அடியில் செல்கள் ஒரே அடுக்காகப் படர்ந்து வளரும். அவற்றின் மேல் பலவீனப்படுத்திய வைரஸை விடுவோம். அது பெருகியதும் வடித்தெடுத்து மருந்தாக்குவோம். முன்பெல்லாம் செல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை வெறும் பழக்கத்தால் சொல்லவேண்டியிருந்தது. என் மருமகள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு செல்லுக்கு வெளிச்சம் வந்தது. அவள் வைரஸ் படித்தவள். செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் வாலில், பச்சையாக ஒளிரும் வேறொரு புரதத்தைக் கோத்துவிட்டாள். நீல விளக்கைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்கப் பச்சை மெழுகியது போல் இருக்கும். செல்லுக்கு ஏதாவது சங்கடம் என்றால் அந்தப் பச்சை அங்கங்கே திரண்டு புள்ளி புள்ளியாகிவிடும்.

புள்ளி விழுந்தால் செல் மிரண்டிருக்கிறது என்று பொருள். மிரண்ட செல்லில் வைரஸ் விளையாது. ஆகவே உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும் என் மகன் ஒரு விதி வைத்தான். புள்ளி விழுந்த குடுவையை ஆவியில் வேகவைத்துக் கொட்டிவிட வேண்டும். விழாத குடுவையிலிருந்து வைரஸை எடுத்து அடுத்த குடுவைக்கு விட வேண்டும். வேலைக்காரர்கள் புள்ளிக் குடுவைக்கு ‘அம்மை போட்டது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி அம்மை போட்டது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. குறையக் குறைய விளைச்சல் ஏறியது. என் மகனும் நிமிர்ந்து நடந்தான். நானும்தான்.

“பெரியம்மா, வந்து பாருங்க” என்று குடுவை மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டார். “இந்த ஈட்டுல ஒண்ணுலகூட அம்மை இல்ல. பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி இருக்கு.”

பார்த்தேன். அவர் மிகைப்படுத்தவில்லை. குடுவை மாற்றிக் குடுவை வைத்தார். எல்லாம் ஒரே சீரான பச்சை. ஒரு சுருக்கமில்லை, ஒரு திரளல் இல்லை.

“சின்னவர் கைராசி” என்றார் மேஸ்திரி.

சுவரோரம் நின்றிருந்த என் மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அதான் அத்தை எனக்குப் பயமா இருக்கு.”

“நல்லதைக் கண்டு பயப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றேன். மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு குடுவைகளை அடுக்கப் போனார்.

“நாளைக்கு இந்தச் சரக்கு போகக்கூடாது, அத்தை.”

வேலைக்காரர்கள் காதில் விழும்படி வீட்டுப் பேச்சு பேசுவது எங்கள் வழக்கமில்லை. என் அறைக்கு வரச் சொல்லிவிட்டு நான் முன்னே நடந்தேன். மகனுக்கும் ஆள் அனுப்பினேன்.

என் மகன் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தான். மனைவியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. “அம்மாகிட்டயே வந்துட்டியா?” என்றான்.

“உங்ககிட்ட சொன்னேன். நீங்க சிரிச்சீங்க.”

“இப்பவும் சிரிப்பேன்.”

“ரெண்டு பேரும் உக்காருங்க” என்றேன். “நீ சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. புரியாத மாதிரி சொன்னா பொய்னு எடுத்துக்குவேன்.”

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். “செல்லுக்குள்ள புரதம் செய்யற மிஷின் இருக்கு அத்தை. என்ன செய்யணும்னு அதுக்கு ஒரு வேலைச்சீட்டு வரும். அதுதான் ஆர்.என்.ஏ. வைரஸ் உள்ள வந்ததும் தன்னோட சீட்டையும் நடுவுல சொருகிடும். யாரோட சீட்டுன்னு மிஷின் பாக்காது. வந்ததைச் செய்யும். இது செல்லுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணும்? மிஷினையெல்லாம் நிறுத்திடும். கையில இருக்கிற சீட்டையெல்லாம் அள்ளி மூட்டை கட்டிப் போட்டுடும். பக்கத்துச் செல்லுக்கும் சேதி சொல்லும். ஆபத்து போனப்புறம் மூட்டையைப் பிரிச்சு மறுபடி வேலையைத் தொடங்கும்.”

“கடையடைப்பு” என்றேன்.

“கடையடைப்பேதான். நாம பாக்கிற புள்ளி அந்த மூட்டை. மூட்டைக்கு முடிச்சுப் போடற புரதம் ஒண்ணு உண்டு. அதுலதான் நான் பச்சையைக் கோத்தேன்.”

“சரி.”

“வெளியில நோய் பரப்பற அசல் வைரஸ்கிட்ட ஒரு கத்தரி இருக்கு. உள்ள வந்ததும் அந்த முடிச்சைத்தான் வெட்டும். மூட்டை விழாது. கடை திறந்தே கிடக்கும். செல் தனக்கு ஒண்ணும் ஆகாத மாதிரியே வைரஸுக்கு வேலை செஞ்சுட்டு இருக்கும், சாகற வரைக்கும். தாத்தா அந்த வைரஸைப் பலவீனப்படுத்தினப்போ கத்தரி மழுங்கிடுச்சு. அவருக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்ல. அதனாலதான் நம்ம மருந்து மருந்தா இருந்துச்சு. உள்ள போகும், செல் முழிச்சுக்கும், மூட்டை கட்டும், உடம்பு பாடம் படிச்சுக்கும்.”

அவள் நிறுத்தினாள். என் மகன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான்.

“புள்ளி விழுந்த குடுவையையெல்லாம் கொட்டினோம்” என்று தொடர்ந்தாள். “விழாத குடுவையிலேர்ந்தே எடுத்து எடுத்து வளத்தோம். வைரஸ் இருந்தும் ஒரு குடுவையில புள்ளி விழலைன்னா என்ன அர்த்தம் அத்தை? அதுல கத்தரி திரும்பக் கூராயிருக்கு. நாம நல்ல குடுவையைப் பொறுக்கல. அதைத்தான் பொறுக்கியிருக்கோம்.”

“கதை” என்றான் மகன். “செல் பழகிடுச்சும்மா, அவ்வளவுதான். புது மருமக மாமியார் வீட்டுக்குப் பழகற மாதிரி.”

“நான் பழகினதா யார் சொன்னா?” என்றாள் அவள்.

வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

“போன சரக்கு இதே விதை வைரஸ்லேர்ந்துதானே போட்டோம்?” என்று என் மகன் என் பக்கம் திரும்பினான். “வெளியில போய் எத்தனை கன்னுக்குப் போட்டாச்சு! ஒண்ணுக்காவது காய்ச்சல் வந்துச்சா? மாட்டு டாக்டரையே கேளுங்க.”

அது உண்மை. எங்கள் ஊசியில் ஒரே ஒரு குறை இருந்தது. போட்ட மறுநாள் கன்றுக்கு உடம்பு சுடும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். மாடு வளர்ப்பவர்கள் முணுமுணுப்பார்கள். போன சரக்கில் அது அறவே நின்றுவிட்டது. சுற்றுவட்டாரம் முழுக்க ஊசி போடும் மாட்டு டாக்டர் போன் போட்டு, “என்ன மாயம் பண்ணினீங்க பெரியம்மா? போட்ட சுவடே தெரியல” என்று மெச்சினார். புதிய சீட்டில் ‘காய்ச்சல் வராத தடுப்பூசி’ என்று அச்சடிக்கச் சொன்னதே நான்தான். மாமனார் கையெழுத்துக்கு நேர் மேலே.

“காய்ச்சலை யார் குடுக்கறா?” என்று மருமகள் கேட்டாள். “வைரஸா? கன்னோட உடம்பு குடுக்கறது. உடம்புக்கு ஆபத்து தெரிஞ்சாத்தானே சுடும்?”

என் மகன் கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டான். அவன் போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு பெண் பேசுகிற பேச்சுக்காக, அவள் எவ்வளவு படித்திருந்தாலும், குடும்பத்தின் பெயரை வீதியில் வைக்க முடியாது. என் மகன் செய்த வேலை தவறு என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அது தவறுதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

“சரக்கு நான் சொல்லும்போது போகும்” என்றேன். “அதுவரைக்கும் கிடங்கு சாவி என்கிட்ட. நீ சொல்றதை என் கண்ணுக்குக் காட்டு. காட்டற வரைக்கும் வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாது.”

“அத்தை, போன சரக்கை இன்னிக்கும் போட்டுட்டுத்தான் இருப்பாங்க.”

“நிரூபிக்காத பேச்சுக்கு என் மாமனார் கையெழுத்தை அடமானம் வைக்க மாட்டேன்.”

அவள் எழுந்து நின்றாள். பிறகு, “சரி. செல் வளத்த தட்டு தயார் பண்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சோதனையை நானே முன்நின்று நடத்தினேன். எனக்கு இந்த வேலை தெரியாததல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் பக்கத்தில் நின்று கண்ணாடி கழுவி, பிறகு தட்டு ஊற்றப் பழகியவள்தான். அவர் காலத்து மூல விதை, சீல் வைத்த சிறு குழாய்களில், உறைகுளிர் பீப்பாய்க்குள் இருந்தது. அதன் பூட்டை நான்தான் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை தரையில் வழிந்து காலைச் சுற்றிக்கொண்டது. அவர் கையால் மூடிய குழாயை நெடுநாளைக்குப் பிறகு தொட்டேன்.

மருமகள் புதிதாக வளர்த்த செல் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, சிலவற்றில் மாமனாரின் மூல விதையைச் சேர்த்தேன். சிலவற்றில் என் மகனின் புதிய விதை. மிச்சத்தில் எதுவும் சேர்க்கவில்லை. என் தையல் பெட்டியிலிருந்து எடுத்துவந்த நூலை மூடிகளில் கட்டினேன். ஒரு விதைக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குக் கறுப்பு, வைரஸ் படாததற்கு வெள்ளை. எது எதற்கு என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். என் மகன் தன் விதையைக் காப்பாற்றவும் கூடாது, மருமகள் தன் வாதத்தைக் காப்பாற்றவும் கூடாது. வெதுவெதுப்பான அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வைரஸ் செல்லுக்குள் வேலை செய்ய மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பின்புறத் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்று தோன்றியது. ஒவ்வொரு சரக்கையும் முதலில் எங்கள் சொந்தக் கன்றுகளுக்குப் போட்டுப் பார்ப்பது மாமனார் வைத்த ஒழுங்கு. போன சரக்கு போட்ட கன்றுகள் அங்கேதான் இருந்தன.

தொழுவத்தின் கதவைத் திறக்கும்போதே எப்போதும் ஒரு ரகளை காதில் விழும். பால் வாளி வருகிறதென்று நினைத்துக் கத்தும், முட்டும், கம்பியை நக்கும். அன்று கதவின் கீல் கிரீச்சிட்டது மட்டும்தான் கேட்டது.

“இந்த ஈட்டுக் கன்னுங்க தங்கம் பெரியம்மா” என்றார் தொழுவக்காரர். “கத்தறதில்ல, முட்டறதில்ல. என் பெஞ்சாதிகிட்ட சொன்னேன், இவங்களைப் பாத்துக் கத்துக்கடின்னு.”

“அவ என்ன சொன்னா?”

“அங்கேயே போய்ப் படுத்துக்கோன்னா.”

“பால் குடிக்குதா?”

“குடிக்குதுங்க.” வாளியைப் பார்த்தார். “கொஞ்சம் குறைச்சல்தான். வெயிலா இருக்கும்.”

கன்றுகள் வரிசையாக நின்றிருந்தன. எல்லாவற்றின் மயிரும் பளபளவென்று இருந்தது. கிட்டே இருந்த கன்றின் நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை. காதைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. ஒரு ஈ அதன் கண்ணோரத்தில் உட்கார்ந்து, நிதானமாக நடந்து, ஈரமான விளிம்பில் வாயை வைத்தது. கன்று இமைக்கவில்லை. வாலை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

நான் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன். “இதுங்களை வெளியில அவுத்து விடாதீங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார்.

மறுநாள் முற்பகலில் மூவரும் நுண்ணோக்கி அறையில் கூடினோம். நான் அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்து வைத்தேன். விளக்கை அணைத்தேன். நீல வெளிச்சத்தில் என் மகனின் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது.

“முதல்ல நீ பாரு” என்றேன் அவனிடம்.

அவன் வெள்ளை நூல் தட்டை வைத்தான். “இது வைரஸ் படாதது. சீரா இருக்கு.” அடுத்துச் சிவப்பு நூல். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். “இதைப் பாருங்க. உடம்பு பூரா அம்மை. பாவம், மிரண்டு போய்க் கிடக்கு.” பிறகு கறுப்பு நூல். அவன் தோள்கள் தளர்ந்ததைக் கண்டேன். நிம்மதியால் தளர்ந்தன. “ஆங். இது சமத்து. வெள்ளைத் தட்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல. இதுதான்மா தாத்தாவோட விதை. செல்லைத் தொந்தரவே பண்ணல. சிவப்புதான் என்னோடது போல இருக்கு. புதுச் செல், இன்னும் அதுக்குப் பழகல. ஆனா இவ சொன்ன மாதிரி புள்ளி விழாமயா இருக்கு? கொட்டிக் கிடக்கே!”

நான் கறுப்பு நூலை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதையும் காட்டவில்லை. ஆனாலும் அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்தி, “இன்னும் ஒண்ணு பாத்துடலாம்” என்றாள். “ஆர்செனிக் உப்பு. இது பட்டா உயிருள்ள எந்தச் செல்லும் மூட்டை கட்டும். வைரஸே வேண்டாம்.”

வெள்ளை நூல் தட்டில் சொட்டு விட்டாள். காத்திருந்தோம். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். வழவழவென்றிருந்த பச்சையில் முதலில் ஒரு புள்ளி தோன்றியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. காய்ந்த தரையில் மழை தொடங்குவது போல, செல்லுக்குச் செல் புள்ளி விழுந்து நிறைந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது. புள்ளி விழுவதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டது அன்றுதான்.

அடுத்துக் கறுப்பு நூல் தட்டு. அதே உப்பு, அதே அளவு.

ஒன்றும் நடக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் விடு” என்றான் மகன்.

விட்டாள்.

“இன்னும்.”

அவள் கையிலிருந்து குழாயைப் பறித்து அவன் தானே விட்டான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். நானும் பார்த்தேன். அதே பச்சை. அதே அமைதி. விஷத்தில் முங்கிக் கிடந்த செல்கள், தூங்கும் பிள்ளையின் கன்னம் போல் இருந்தன.

“மிரட்டிப் பிரயோஜனமில்லீங்க” என்று மருமகள் அவனிடம் சொன்னாள். அவள் குரலில் வெற்றி இல்லை. “மிரள்றதுக்கு உள்ள ஆளில்ல.”

“அம்மா” என்றான் மகன். “கறுப்பு யாரோடது?”

“உன்னோடது” என்றேன்.

அவன் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தான். அறையில் சிறிது நேரம் எதுவுமே தெரியவில்லை.

பகல் சாய்வதற்குள் மிச்சமும் தெரிந்துவிட்டது. உப்புப் படாமல் ஒதுக்கி வைத்திருந்த தட்டுகளை எடுத்துப் பார்த்தோம். சிவப்பு நூல் தட்டில் பல செல்கள் மூட்டையைப் பிரித்துப் பழையபடி பரவ ஆரம்பித்திருந்தன. கறுப்பு நூல் தட்டைச் சாய்த்தபோது, பச்சை அப்படியே தோல் உரிந்தது போல் கழன்று நீரில் மிதந்தது. கடைசி வரை அதில் ஒரு புள்ளி விழவில்லை.

என் அறைக்குத் திரும்பினோம். என் மகன் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தபடி பேசினான்.

“திரும்ப வாங்கிடலாம்மா. சீட்டு அச்சுல தப்பு வந்துடுச்சு, புதுச் சீட்டு ஒட்டித் தரோம்னு சொல்லி, போன சரக்கு பூராவும் திரும்ப எடுத்துடலாம். நம்ம கன்னுகளை நம்மளே பாத்துக்கலாம். பழைய விதையிலேர்ந்து புதுசாப் போடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.”

“குப்பி திரும்ப வந்துடும்” என்றாள் மருமகள். “ஊசி போட்ட கன்னு?”

“அதுங்களுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“நம்ம தொழுவத்துல போய்ப் பாருங்க, தெரியும். அதுங்க மூச்சுலயும் சாணியிலயும் அது வெளிய வந்துட்டு இருக்கும். ஊசி போடாத கன்னு பக்கத்துல கட்டியிருக்கும். தனியா கட்டுங்கன்னு சொல்லியாகணும். சொன்னா ஏன்னு கேப்பாங்க.”

“சொன்னா இந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்?” அவன் என் பக்கம் திரும்பினான். குழந்தையில் பொம்மையை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்த முகம். “அம்மா. தாத்தா பேரு.”

உள்ளதைச் சொல்கிறேன். அவன் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. சத்தம் போடாமல் முடியும். என் மகனை யாரும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார்கள். வீடு இருந்தபடி இருக்கும், வழவழவென்று, ஒரு புள்ளி விழாமல்.

அந்த நினைப்பு வந்ததும் கறுப்பு நூல் தட்டு என் கண்முன் வந்தது.

“சீட்டுல யார் கையெழுத்து இருக்கு?” என்று கேட்டேன்.

“தாத்தாவோடது.”

“எதுக்குப் போட்டாரு?”

அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். மருமகள் அவன் முதுகில் கை வைத்தாள். நான் போனை எடுத்து மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தேன்.

“பெரியம்மா! நூறாயுசு உங்களுக்கு” என்றார் மாட்டு டாக்டர். பின்னால் ஒரே இரைச்சல். “உங்களைத்தான் பேசிட்டு இருந்தோம். அடுத்த சரக்கு எப்ப? ஜனங்க என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க.”

“டாக்டர், போன சரக்கை இனிமே ஒரு கன்னுக்கும் போடாதீங்க. போட்ட கன்னையெல்லாம் மத்ததுகிட்ட இருந்து பிரிச்சுத் தனியா கட்டச் சொல்லுங்க. அதுல இருக்கிற வைரஸுக்குப் பழைய வீரியம் திரும்பிடுச்சு. தப்பு எங்களது. எங்க பேரைச் சொல்லியே சொல்லுங்க.”

“விளையாடாதீங்க பெரியம்மா. ஒண்ணுக்கும் காய்ச்சலே இல்லீங்களே.”

“தெரியும். அதான் விஷயமே.”

“எல்லாம் சாதுவா நிக்குது. நானே பாத்தேன். தண்ணியில மட்டும்...” என்று இழுத்தார்.

“தண்ணியில?”

“வாயை வைக்குது. விழுங்க மாட்டேங்குது. ஒழுகிடுது. ரெண்டு மூணு வீட்ல சொன்னாங்க. பல்லு மொளைக்குதோன்னு நெனச்சேன்.”

என் மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இப்ப நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“சந்தையிலதாங்க. இன்னிக்குப் பெரிய சந்தையாச்சே. நம்ம ஊசி போட்ட கன்னுக்குத்தான் கிராக்கி. சாதுக் கன்னுன்னு தனி வெலை. எங்கிருந்தெல்லாமோ வண்டி வந்திருக்கு. காலையிலேர்ந்து ஏத்திட்டு இருக்காங்க.”

“எத்தனை வண்டி போயாச்சு?”

“எண்ணலீங்களே பெரியம்மா.” அவர் குரல் இறங்கியிருந்தது. “மிச்சம் இங்க நிக்குது. ஆனா நான் சொன்னா யார் கேப்பாங்க? கொழுகொழுன்னு நிக்கிற கன்னைக் காட்டி நோய்னு சொன்னா அடிக்க வருவாங்க. நேத்துதான் நானே இதைப் பத்திப் புகழ்ந்து பேசினேன்.”

“அங்க விலை சொல்றதுக்கு மைக் வச்சிருப்பாங்களே?”

“இருக்கு.”

“அதுகிட்டப் போங்க. போனை அதுல வைங்க. நான் பேசறேன்.”

“அம்மா!” என்றான் மகன். தலையை நிமிர்த்தியிருந்தான்.

“நீ உக்காரு” என்றேன்.

டாக்டர் நடக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவரிடம் சண்டைக்கு வந்தார்கள். “தள்ளுய்யா, பெரியம்மா பேசறாங்க” என்றார். பிறகு கரகரவென்று ஒரு சத்தம். பிறகு என் மூச்சே எனக்கு அங்கிருந்து திரும்பிக் கேட்டது. திறந்தவெளியில், பெரிதாக.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் என் மாமனாரின் பெயரைச் சொன்னேன். பிறகு என் பெயரை. பிறகு, இந்தக் குப்பியை வாங்கியவர்கள், இந்த ஊசி போட்ட கன்றை வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோரும் நில்லுங்கள் என்றேன். கன்று நன்றாக இருப்பது போல் தெரியும், நன்றாக இல்லை என்றேன். வண்டியில் ஏற்றியதை இறக்கிப் பிரித்துக் கட்டுங்கள், போன வண்டிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள், நஷ்டத்துக்கு எங்கள் வாசலுக்கு வாருங்கள், வந்து திட்டுங்கள் என்றேன்.

இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பேரம் பேசியவர்கள் நிறுத்தினார்கள். ஒரு வண்டியின் எஞ்சின் அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. கடைசியில் அத்தனை பெரிய சந்தையும் என் அடுத்த வார்த்தைக்காக வாயடைத்து நின்றது.

கன்று நிறைந்த சந்தை அது. தாயைப் பிரித்து, கயிறு மாற்றி, வெயிலில் நிறுத்திய கன்றுகள்.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். என் மகனும் மருமகளும் மேசைமேல் குனிந்து கேட்டார்கள்.

ஒரு கன்றுகூடக் கத்தவில்லை.